ஆலாத் திட்டு

"ஏனுங்கம்மணி, எனக்கு எப்பத்தான் துடுப்பைக் கையில குடுப்பீங்க?"

சென்னியப்பன் இதைக் கேட்பது எட்டாவது தடவை. கேட்டபோதும் அவர் கை சும்மா இல்லை. பரிசலின் அடியில் தேங்கிய தண்ணீரைத் தகரப் போகணியால் மொண்டு ஆற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷமாக அவருக்கு அதுதான் வேலை.

தாலுகா ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். ஒரு நாள் பறவை பார்க்கப் பரிசலில் ஏறினார், மறுநாளே மாராயியிடம் வந்து, ஆற்றைக் கற்றுக்கொடு என்று நின்றுவிட்டார்.

மாராயி பரிசல்காரி. பறவை பார்க்க வருகிறவர்களை ஒரு மணி நேரம் ஆற்றில் சுற்றிக் காட்டுவது அவள் தொழில். அவர் மகள் வயதுதான் இருக்கும். குரு என்று முடிவு செய்த பிறகு வயதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

துடுப்பு கேட்டவரை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, அந்தப் பாறைப் பக்கமாப் போலாமா?"

"போலாமுங்க."

"வேண்டாம், இக்கட்டால, இந்தக் கோரைப் பக்கம் போலாமா?"

"அதுவும் போலாமுங்க."

"ரெண்டுக்கும் போலாங்கறீங்க. தண்ணியை மொள்ளுங்க" என்றாள்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று வந்தது. மொண்டார்.

ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டு இருக்கிறது. பங்குனி பிறந்தால் ஆலாப் பறவைகள் அங்கே முட்டையிடும். கூடு என்று ஒரு குச்சி கிடையாது. மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டை.

மற்ற பரிசல்காரர்கள் திட்டை நெருங்கியதும் துடுப்பைத் தட்டையாகத் தண்ணீரில் அறைவார்கள். படீர் என்று கேட்கும். அதற்கு அங்கே வெடி போடுவது என்று பேர். அத்தனை ஆலாவும் ஒரே சமயத்தில் வானத்துக்குக் கிளம்பும். வந்தவர்கள் கைதட்டிப் படம் எடுப்பார்கள்.

மாராயி ஒரு நாளும் வெடி போட்டதில்லை. திட்டுக்கு ஐம்பது அடி முன்னாலேயே துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். ஆறு இழுத்த இழுப்பில் பரிசல் சத்தமில்லாமல் நகரும். துறையில் எல்லாரும் அதைச் சவ ஊர்வலம் என்று கேலி பேசினார்கள்.

வந்த முதல் பங்குனியில் சென்னியப்பனும் கேட்டார். "ஏனுங்க, ஒரு வெடி போட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"செருப்பைக் கழட்டிப்போட்டு அந்த மணல்ல நில்லுங்க."

உச்சி வெயில். கரை மணலில் நின்றவர், ரெண்டு மூச்சு விடுவதற்குள் குதித்து ஓடிவந்து ஆற்றில் காலை வைத்தார்.

"முட்டைக்குக் கால் இல்லீங்கண்ணா" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் வெடியைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீர் மொள்ளும்போது திட்டையே பார்த்துக்கொண்டு வருவார். ஒரு நாள் ஓர் ஆலா ஆற்றில் இறங்கி, வயிற்றை மட்டும் நனைத்துக்கொண்டு, ஈரத்தோடு பறந்துபோய் முட்டையின்மேல் உட்கார்ந்தது. மனுஷன் கண் அங்கேயே நின்றுவிட்டது. மொண்ட தண்ணீரைத் தன் வேட்டியிலேயே ஊற்றிக்கொண்டார்.

அடுத்த பங்குனியோடு பரிசல் உரிமம் முடிவதாக இருந்தது. புதுப்பித்துக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி துறையைப் பார்வையிட வந்தார். நேராக மாராயியின் பரிசலில் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு கேமரா.

"நீ இப்படி என் பக்கத்துல உட்கார்ந்து பறவைக்கெல்லாம் பேர் சொல்லும்மா. பெரியவர் ஓட்டட்டும்."

மாராயி தயங்கினாள். பிறகு துடுப்பைச் சென்னியப்பனிடம் நீட்டினாள்.

ஒன்றரை வருஷம் ஏங்கிய துடுப்பு இப்படியா வந்து சேர வேண்டும்! ஆனாலும் வாங்கினார்.

பாறையில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. கோரைக்குள் நீர்நாய்க் குடும்பம் ஒன்று தலை நீட்டிப் பார்த்துவிட்டு முங்கியது. மாராயி பேர் சொன்னாள். அதிகாரி படம் எடுத்தார், ஆனால் முகம் தெளியவில்லை.

"இதெல்லாம் எல்லாரும் எடுக்கிறதுதான். ஆலா மொத்தமா எந்திரிக்கிறது எங்கே?"

திட்டு வந்தது. மணி பன்னிரண்டரை. ஆலாக்கள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தன.

சென்னியப்பன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தார்.

"பெரியவரே, ஒரு வெடி போடுங்க."

அவர் மாராயியைப் பார்த்தார். மாராயி தண்ணீரைப் பார்த்தாள்.

"நாளைக்கு உன் ஃபைல்ல கையெழுத்துப் போடணுமா வேண்டாமாம்மா? நீயே சொல்லு" என்றார் அதிகாரி.

மாராயியின் தகப்பனும் இதே ஆற்றில் பரிசல் ஓட்டியவர். உரிமம் போனால் அவள் கரையேறிவிட வேண்டியதுதான். வேறு தொழில் தெரியாது.

"போட்டிருங்கண்ணா" என்றாள். "ஒரே ஒரு வெடி."

அதிகாரி சொல்லிவிட்டார், குருவும் சொல்லிவிட்டாள். முப்பத்துநாலு வருஷம் யார் எதைச் சொன்னாலும் ஆடிய தலை, இப்போதும் பழக்கதோஷத்தில் ஆடத்தான் பார்த்தது.

வாய் வேறு சொன்னது.

"மாட்டனுங்க."

சொன்னபிறகு அவருக்கே திக்கென்றது. மறுப்பதற்குக்கூட மரியாதை சேர்த்துச் சொல்கிற ஆசாமி!

"என்ன?"

"மாட்டனுங்க. நீங்க சொன்னாலும் மாட்டேன், அம்மணி சொன்னாலும் மாட்டேன்."

"குடுய்யா இங்கே, நானே போடறேன்." அதிகாரி கையை நீட்டி எழுந்தார்.

சென்னியப்பன் யோசிக்கவே இல்லை. துடுப்பைக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். காலை மடக்கி, ரெண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார்.

துடுப்பில்லாத பரிசல் தன் இஷ்டத்துக்குச் சுற்ற ஆரம்பித்தது. நின்றிருந்த அதிகாரி தள்ளாடி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். அப்போதுதான் எதிர்ப் பாறையில் ஒரு முதலை படுத்திருப்பது அவர் கண்ணில் பட்டது. திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டார்.

ஆறு அவர்கள் மூவரையும் சுற்றிச் சுற்றித் திட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது.

ஓர் ஆலா மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தது. ஒன்றுகூட எழவில்லை.

திட்டு நன்றாகப் பின்னால் போன பிறகே சென்னியப்பன் எழுந்து துடுப்பை எடுத்தார். பரிசலைக் கரை சேர்த்தார்.

"இந்த ஆத்துல நீ எப்படிப் பரிசல் விடறேன்னு பார்க்கறேன்" என்று மாராயியிடம் சொல்லிவிட்டு அதிகாரி காரில் ஏறிப் போய்விட்டார்.

புழுதி அடங்கியது.

சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். குருமார்கள் சீடனைப் பொய்யாக ஏவிச் சோதித்துப் பார்ப்பார்கள் என்று அவர் எத்தனை கதை கேட்டிருக்கிறார்!

"அம்மணி, என்னைச் சோதிச்சுத்தானுங்க பாத்தீங்க?"

"இல்லீங்க."

"பின்னே?"

"பயந்துட்டனுங்கண்ணா."

அப்போதுதான் சென்னியப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. அவமானத்தில் முகம் கறுத்திருந்தது.

"உரிமம் வராதுங்க" என்றாள்.

"வராட்டிப் போகுது."

"பரிசலைக் கரையில கவுத்துப் போடச் சொல்லுவாங்க."

"போட மாட்டனுங்க."

"ஆளோட வந்து நின்னாங்கன்னா?"

"நிக்கட்டும். நான் அதும்மேல உட்கார்ந்துக்கறேன்."

மாராயி அவரையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த நடைக்குப் பறவை பார்க்க ஐந்து பேர் வந்து துறையில் நின்றார்கள். சென்னியப்பன் துடுப்பை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. பரிசலுக்குள் இறங்கி, வழக்கமாக அவர் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

தகரப் போகணியை எடுத்தாள். தண்ணீரை மொள்ள ஆரம்பித்தாள்.