திவானுக்குச் சங்கு ஊதின கதை

வேங்கைக்குறிச்சி சமஸ்தானத்தில் பட்டத்துக் குதிரைக்குக்கூட ஈமெயில் உண்டு. அதனால் அரண்மனையில் இரண்டு சர்வர்கள். ஒன்று மண்டையைப் போட்டால் மற்றது அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். அதற்காக இரண்டும் ஓயாமல் "இருக்கியா?" "இருக்கேன்" என்று விசாரித்துக்கொண்டே இருக்கும்.

ஒயர் இழுக்கிற மாடக்கண்ணு திவானிடம் சொன்னான்: "ஐயா, ஒவ்வொரு சர்வருக்கும் ரெண்டு நெட்வொர்க் கார்டு வேணும். ஒண்ணு மெயிலுக்கு, இன்னொண்ணு இந்த விசாரிப்புக்கு."

திவான் மீசையை முறுக்கினார். "எனக்கு இருக்கிறது ஒரே வாய். அதை வச்சே சமஸ்தானத்தை ஆளுறேன். சர்வருக்கு ரெண்டா? ஒரே கார்டு, தங்க முலாம் பூசி மாட்டு. மெயில் நின்னா உன் தலை உருளும்!"

"உத்தரவுங்க. நாளைக்கு ஐயா வாயை வச்சே ஒத்திகை பாத்துடலாம். நான் கேட்டா 'இருக்கேன்'னு சொன்னாப் போதும். சொல்லலைன்னா உங்க மச்சினர் உங்க வேலையை எடுத்துக்குவார்."

"சரி, போடா!"

மறுநாள் மனு கொடுக்க ஊரே திரண்டது. திவான் ஆளுக்கொரு அதட்டல் போட்டுக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து மாடக்கண்ணு "ஐயா, இருக்கீங்களா?" என்றான். பதில் இல்லை. மறுபடியும் கேட்டான். இல்லை. சங்கை எடுத்து ஊதிவிட்டான். காத்திருந்த மச்சினர் ஓடிவந்து திவான் மடியிலேயே உட்கார்ந்து, அவர் தள்ளுபடி செய்த மனுக்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

"அடேய், நான் உயிரோடதான்டா இருக்கேன்!"

"ஒரே கார்டுன்னா சர்வரும் இப்படித்தாங்க கத்தும். மெயில் கூட்டத்துல யாருக்குக் கேக்குது?"

சிம்மாசனத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது கார்டு அன்றைக்கே வந்துவிட்டது. மச்சினர்தான் இன்னும் மடியை விட்டு இறங்கவில்லை.