எலி வளைக்குள் போன உடும்பு

வெள்ளியோடைக் காட்டில் ஒரு மயில் இருந்தது. நல்ல மனசுதான். தோகைக்கு ஏற்ற பெருமையும் கூடவே இருந்தது.

அந்தக் காட்டு எலிகள் ஓடைக்கரையில் வரகு விதைத்துப் பிழைத்தன. விதை இல்லாத எலிகளுக்குக் கடன் கொடுக்க மயில் ஒரு தானியச் சங்கம் நடத்தியது. தானியம் மயிலுடையது அல்ல, மலைமேல் வாழும் யானை கொடுத்தது. ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே’ என்று மயில் அள்ளி அள்ளி வழங்கியது.

ஆடியில் ஒரு சிரட்டை வரகு வாங்கினால், தையில் ஒன்றேகால் சிரட்டையாகத் திருப்ப வேண்டும். எலிகள் ஐந்து ஐந்தாகக் குழு சேர வேண்டும். ஐந்தில் ஒன்று தவறினாலும் மற்ற நான்குக்கும் அடுத்த ஆண்டு விதை கிடையாது!

திரும்பி வரும் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு குன்றிமணியைக் கொடியில் கோத்து மயில் ஆலமரத்தில் தொங்கவிடும்.

அந்தத் தை மாதம் யானை மலையிலிருந்து இறங்கி வந்தது.

“நூறு எலிக்குக் கொடுத்தோம் பெரியம்மா! நூறும் திருப்பிடுச்சு! எண்ணிப் பாருங்க, நூறு குன்றிமணி!” என்றது மயில்.

அத்தோடு விடவில்லை. ஒரு கல்லின்மேல் பலகையை வைத்து, ஒரு பக்கம் எலியையும் மறு பக்கம் கூழாங்கற்களையும் ஏற்றிக் காட்டியது. “போன வருஷம் ஒவ்வொரு எலியும் மூணு கல் எடை. இப்போ நாலு கல்! எல்லாம் நம்ம சங்கத்தால!”

யானைக்குக் காது கொள்ளாத மகிழ்ச்சி. “அப்படின்னா என் குகையில இருக்கிற மொத்த வரகையும் உன் சங்கத்துக்கே தந்துடறேன். ஆனா தந்துட்டா கோடைக்கு வேற எதுவும் மிஞ்சாது. அதனால ஒரு தடவை சரிபார்த்துக்கணும்” என்றது. பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பைக் கூப்பிட்டது. “உடும்பே! இந்தக் கடனால எலிங்க நிஜமாவே நல்லா இருக்குதான்னு பார்த்துச் சொல்லு. நாலு நாள்ல வரேன்.”

உடும்பு பிடித்தால் விடாது என்று உங்களுக்குத் தெரியும். இந்த உடும்பு கேள்வியைப் பிடித்தாலும் விடாது.

“மயிலாரே, போன வருஷம் மழை எப்படி?” என்று கேட்டது.

“போன வருஷம் பஞ்சம். இந்த வருஷம்தான் கொட்டித் தீர்த்துடுச்சே!”

“அப்படியா?” என்று பலகையை இழுத்துக்கொண்டு உடும்பு ஓடையில் இறங்கியது. அக்கரை எலிகளுக்குச் சங்கமும் கிடையாது, கடனும் கிடையாது. பலகையை வைத்துவிட்டு உடும்பு எட்டப் போய் நின்றுகொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக ஏறச் சொல்லி நிறுத்தது. எல்லாம் நாலு கல்! போன ஆண்டு எத்தனை என்று கேட்டது. மூன்று கல்தானாம்!

ஈரத்தோடு திரும்பி வந்தது. “மயிலாரே! சங்கமே இல்லாத எலிங்களும் அதே அளவுதான் பெருத்திருக்கு. எடையை ஏத்தினது உம்ம வரகா, மழையா?”

மயிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏழைங்களுக்கு நல்லது நடந்தா உமக்குப் பொறுக்கலையா?”

“நடந்திருந்தா எனக்கும் சந்தோஷம்தான். நடந்துதான்னுதான் கேக்கறேன்.”

“இந்த நூறு குன்றிமணி கண்ணுக்குத் தெரியலையா?”

“அது உமக்குத் திரும்பி வந்த கணக்கு. எலி வளையில தங்கின கணக்கு எங்கே? என்னிக்காவது உள்ளே போய்ப் பார்த்தீரா?”

மயில் தன் தோகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது. அந்தத் தோகையோடு எலி வளைக்குள் எப்படிப் போவது?

மறுநாள் காலை உடும்பு எலி வளைகள் இருக்கும் இடத்துக்குப் போனது. “ஐயோ, உடும்பு!” என்று எலிகள் பறந்தடித்துக்கொண்டு வளைக்குள் புகுந்தன. எலியைத் தின்னும் பிராணியை எந்த எலிதான் வாசலில் நிறுத்தி நலம் விசாரிக்கும்? உடும்பு ஒரு வளையின் வாசலிலேயே படுத்துக்கொண்டது. பசித்தபோது கறையான் புற்றை மட்டும் நக்கியது. வெயில் உச்சிக்கு வந்தது. உடும்பு அசையவில்லை.

கடைசியில் செம்பி என்ற பெண் எலி தலையை நீட்டியது. “எங்களைத் தின்னத்தானே வந்திருக்கே?”

“இல்லேக்கா. கேக்க வந்தேன்.”

“சரி, கேளு.”

“வாசல்ல கேட்டா வாசல் பதில்தான் வரும். உள்ளே வரலாமா?”

செம்பிக்கு உள்ளே ஐந்து குட்டிகள். வாசலை மறித்து நின்றது. ஆனாலும் காலையிலிருந்து கறையானை மட்டும் நக்கிக்கொண்டு காத்துக் கிடந்த உடும்பை அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. “வா. வாலை மட்டும் ஆட்டாதே. புள்ளைங்க தூங்குது.”

உடும்பு உடம்பை ஒடுக்கி நுழைந்தது. வளையின் கோடியில் தானியக் குழி இருந்தது. எட்டிப் பார்த்தது. ஒரு மணி வரகுகூட இல்லை!

“அறுவடை முடிஞ்சு மாசம்கூட ஆகலையே! வரகு எங்கேக்கா?”

“என் நிலம் பள்ளத்துல இருக்கு அண்ணே. மழை வந்தா வெள்ளம். முக்கால் சிரட்டைதான் தேறுச்சு. சங்கத்துக்கு ஒண்ணேகால் கட்டணும். குழுவில மத்த நாலு பேரும் வந்து வாசல்ல உக்காந்துட்டாங்க. என்னால அவங்களுக்கும் விதை இல்லாம போகலாமா? பெருச்சாளிகிட்ட அரை சிரட்டை வாங்கிக் கட்டினேன்.”

“பெருச்சாளி சும்மா தராதே!”

“பங்குனிக்குள்ள ஒரு சிரட்டையா தரணும். இல்லேன்னா இந்த வளையே அதுக்குத்தான். எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்வாங்க. கோடையில இந்த அஞ்சையும் கூட்டிக்கிட்டு நான் எங்கே போவேன்?” 

“இதை மயில்கிட்ட சொன்னியா?”

“மயில் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ‘திருப்பிட்டியா?’ன்னு. ‘திருப்பிட்டேன்’னேன். பொய்யில்லையே!”

உடும்புக்கு மனம் கனத்தது. அப்போதே ஓடிப்போய் யானையிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால், ‘ஒரு வளையை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பற்றிப் பேசினால் மயிலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?’ என்று நினைத்தது. செம்பி மற்ற எலிகளிடம் சொல்லிவைக்க, நூறு வளைக்குள்ளும் நுழைந்தது. முதுகுத் தோல் உரிந்தது. கண்ணில் மண் விழுந்தது. விடவில்லை. அக்கரைக்கும் நீந்திப் போய் அங்குள்ள தானியக் குழிகளையும் பார்த்துவிட்டு வந்தது.

நான்காம் நாள் யானை வந்தது.

“சொல்லு உடும்பே!”

“மேட்டு நிலம் இருக்கிற எலிங்க இருபது. அதுங்களுக்குச் சங்கம் நிஜமாவே உதவியிருக்கு பெரியம்மா. அக்கரை மேட்டு எலிங்களைவிட அதுங்க குழியில வரகு அதிகம். பள்ளத்து எலிங்க எண்பது. அத்தனை குழியும் காலி! கடன் வாங்காத அக்கரைப் பள்ளத்து எலிங்ககிட்டகூடக் கைப்பிடி வரகு இருக்கு. இங்கே எண்பதும் பெருச்சாளிகிட்ட வாங்கிச் சங்கத்துக்குக் கட்டியிருக்கு.”

மயில் துள்ளியது. “அந்த இருபது எலிங்க கதையைத்தானே நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வந்தேன்!”

“அதுவும் பொய்யில்லே மயிலாரே. மீதி எண்பதைத்தான் சொல்லலே!”

 மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு செம்பியின் வளைக்குப் போனது. உடம்பு நுழையவில்லை. கழுத்தை மட்டும் உள்ளே விட்டது. வெகுநேரம் கழித்து வெளியே எடுத்தபோது கொண்டையெல்லாம் மண். நேராக ஆலமரத்துக்குப் பறந்து குன்றிமணிக் கொடியைக் கொத்தி அறுத்தது. எண்பது மணிகள் தரையில் சிதறின. “தப்பு பண்ணிட்டேன் பெரியம்மா!” என்றது.

“அழுதது போதும். ஆக வேண்டியதைப் பாரு!” என்றது யானை. மேட்டு எலிகளுக்குக் கடன் தொடர்ந்தது. பள்ளத்து எலிகளின் பெருச்சாளிக் கடனைத் தீர்க்கவும் கோடைச் சாப்பாட்டுக்கும் வரகு தனியாக ஒதுக்கப்பட்டது. அதைத் திருப்ப வேண்டியதில்லை. வெள்ளம் ஏறாதபடி யானையே மண்ணைத் தள்ளி மிதித்து ஓடையோரம் கரை கட்டியது.

மறுநாள் பெருச்சாளி பல்லை இளித்துக்கொண்டு செம்பியின் வளைக்கு வந்தது. வாசலில் மயில் நின்றது. ஒரு சிரட்டை வரகை அதன்முன் வைத்தது. “எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு! இந்த வளைப்பக்கம் இனி தலைகாட்டாதே!”

செம்பியின் குட்டிகள் வெளியே ஓடி வந்து கும்மாளம் போட்டன. எலிகள் உடும்புக்குப் போட ஒரு மாலை கட்டிக்கொண்டு வந்தன. ஆனால் உடும்போ பலகையை இழுத்துக்கொண்டு மறுபடியும் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“எங்கே கிளம்பிட்டே?” என்று யானை கேட்டது.

“அக்கரைக்குத்தான். அங்கே கரை இல்லே, இங்கே இருக்கு. ரெண்டு பக்கமும் இன்னிக்கு எப்படி இருக்குன்னு எண்ணி வெச்சாத்தானே, அடுத்த தையில மறுபடி நூறு வளைக்குள்ளயும் நுழைஞ்சு பார்க்கும்போது உண்மை தெரியும்?”

“என்னது! நான் கட்டின கரையையுமா சந்தேகப்படறே?”

“உங்க மனசைச் சந்தேகப்படலே பெரியம்மா. கரையைத்தான்!” என்று சொல்லிவிட்டு உடும்பு நீந்தத் தொடங்கியது.

ஏழைக்கு உதவினோமா என்று அறிய வேண்டுமானால், நம் கணக்கை எண்ணிப் பூரிக்காமல் அவர் வீட்டுப் பானையைத் திறந்து பார்க்க வேண்டும்.