பங்கு போட்ட குளிர்

கொம்பங்குளத்துக்காரர்களைப் பற்றி வெளியூரில் யார் என்ன சொன்னாலும் சரி, சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள் என்பதை மட்டும் ஒருவரும் மறுக்க முடியாது. கொஞ்சம் தட்டியிருந்தால் அந்த ஊர் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

அந்த ஊரில் சொர்ணப்பன் என்று ஒருவர். அவருடைய தம்பி திரவியம். அக்காள் புருஷன் குற்றாலிங்கம். மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய கார் இருந்தது. மூளையும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

திரவியத்துக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் பெயர் செண்பகவல்லி. அவளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவளுடைய தாய்மாமன், குன்னூர் வேல்மயில், சரி என்று சொன்னால்தான் தாம்பூலம் மாற்ற முடியும்.

"என் மச்சானுக்கு வெக்கை ஆகாது. கத்திரி வெயில் வேற. ரயிலடியில இருந்து உங்க ஏசி காருல குளுகுளுன்னு கூட்டிட்டு வந்துருங்க. அவரு முகம் சுளிச்சாருன்னா அப்புறம் நான் பேசிப் பிரயோசனமில்ல," என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார்.

காரில் ஏசி இருந்தது உண்மை. அதைப் போட்டால் அடுப்படிக் காற்று வந்தது என்பதும் உண்மை.

மாமா வருகிற அன்று காலையில்தான் மூவருக்கும் இந்த ஞாபகம் வந்தது. மெக்கானிக் ஞானதுரைக்குப் போன் போட்டார்கள். அவர் பக்கத்து ஊரில் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார்.

"இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்க. முன்னால ஒருத்தர் காது வச்சுக் கேளுங்க. டக்குன்னு ஒரு சத்தம் வரணும். வந்ததும் சொல்லுங்க," என்றார் ஞானதுரை.

குற்றாலிங்கம் காது வைத்தார். இஞ்சின் உறுமியது. டக் மட்டும் வரவில்லை.

"வரலையே," என்றார்.

"வரணும்னு சொல்லியிருக்காரே அத்தான்," என்றான் திரவியம் கவலையாக.

சொர்ணப்பன் யோசித்தார். "இன்ன இடத்துல இருந்து வரணும்னு சொன்னாரா?"

"அதைச் சொல்லல."

குற்றாலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாக்கை அண்ணத்தில் ஒட்டி, அழகாக ஒரு 'டக்' போட்டார். மூவருக்கும் நிம்மதி. சத்தம் கணீரென்று வந்ததாகப் போனில் தகவல் போயிற்று.

"அப்ப ஏசி கேஸ்தான் கசிஞ்சிருக்கும். சோப்புத் தண்ணியைத் தடவிப் பாருங்க. எங்க நுரை கிளம்புதோ அங்க ஓட்டை," என்றார் ஞானதுரை. எங்கே தடவ வேண்டும் என்று அந்த மனிதர் சொல்லவில்லை. கொம்பங்குளத்தோடு அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, பாவம்.

ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கரைத்து, துணியால் கார் முழுக்கத் தேய்த்தார்கள். கூரையில் நுரை. கண்ணாடியில் நுரை. சக்கரத்தில் நுரை.

"வாளியிலயும் ஓட்டை இருக்கு பாருங்க," என்றார் குற்றாலிங்கம்.

"அண்ணே, என் கையிலயும் நுரை வருது," என்றான் திரவியம்.

சொர்ணப்பன் தம்பியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொண்ணு வீட்டுல இதைச் சொல்லாத. கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவாப் பார்த்துக்கலாம்."

கார், வாளி, மாப்பிள்ளை மூன்றும் ஒழுகுவதாகக் கேள்விப்பட்ட ஞானதுரை டிராக்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்ததும் வேலையைப் பார்த்தார். ஒரு குழாயின் இணைப்பை இறுக்கினார். பம்பு வைத்து உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். பிறகு கேஸை ஏற்றத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் பக்கம் டக்கென்று கேட்டது. மற்ற இருவரும் குற்றாலிங்கத்தை மரியாதையோடு பார்த்தார்கள்.

"கேஸ் ஏறுறப்ப நாலு கதவும் திறந்தே கிடக்கட்டும். நான் சொல்லாம மூடக்கூடாது. குளிரைக் கூட்டிக் குறைக்கிற இந்தத் திருகு கடைசி வரைக்கும் திருகியே இருக்கணும். இதுல கை வச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்," என்று ஞானதுரை கண்டிப்பாகச் சொன்னார்.

வேலை முடிந்த அந்த நிமிஷத்தில் டிராக்டர்காரர் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். ஞானதுரை பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனார். கதவை மூடச் சொல்லவில்லை.

ஆகவே கார் நாலு கதவையும் விரித்துக்கொண்டு ரயிலடிக்குப் போயிற்று. மூடிவிடாமல் இருக்கக் கயிறு வேறு கட்டியிருந்தார்கள். எதிரே வந்த லாரி சாலையை விட்டு இறங்கி வழி கொடுத்தது.

வேல்மயில் மாமா வெள்ளை வேட்டியோடு முன்சீட்டில் ஏறினார். குன்னூரில் பிறந்து குன்னூரில் வளர்ந்தவருக்கு ஏசி கார் என்றால் எப்படியிருக்கும் என்று தெரியாது. வெயிலும் புழுதியும் முகத்தில் அறைந்தன. வேட்டி தலைக்கு மேல் பறந்தது.

"இதுதான் ஏசியா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமா மாமா," என்றான் வண்டி ஓட்டிய திரவியம். மாமாவின் முகம் சுளிக்க ஆரம்பித்ததை ஓரக்கண்ணால் பார்த்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும் அந்த இடத்தில் அவனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

சொர்ணப்பன் விடாமல் போன் அடித்தார். கடைசியில் ஞானதுரை எடுத்தார். "தம்பி, கதவை எப்ப மூடலாம்?"

எதிர்முனையில் ஒரு ஸ்பேனர் தரையில் விழுந்தது. பிறகு, "மூடித் தொலைங்க," என்று மட்டும் கேட்டது.

மூடினார்கள். உடனே காருக்குள் குளிர் பரவியது. மாமா முகம் மலர்ந்தது. திரவியத்துக்கு உயிர் திரும்பி வந்தது. இரண்டு மைல் போவதற்குள் மாமாவின் பற்கள் தந்தியடித்தன.

"தம்பி, எங்க ஊரே தேவலை. குளிரைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

திரவியம் வண்டியை ஓரங்கட்டினான். மூவரும் இறங்கி நின்று ஆலோசனை செய்தார்கள்.

"திருகுல கை வைக்கக் கூடாது," என்றார் சொர்ணப்பன்.

"கதவையும் திறக்கக் கூடாது. மூடச் சொல்லிட்டாரு," என்றார், அப்போதுதான் கதவைத் திறந்து இறங்கியிருந்த குற்றாலிங்கம்.

திரவியம் தலையைச் சொறிந்தான். செண்பகவல்லியை நினைத்துக்கொண்டான். காதல் எப்பேர்ப்பட்ட மண்டையையும் கொஞ்சம் வேலை செய்ய வைக்கும் போலிருக்கிறது.

"அண்ணே, இருக்கிற குளிரு நாலு பேருக்கு அதிகம். ஆள் கூடினா ஆளுக்கு வர்ற பங்கு குறையுமில்ல?"

மற்ற இருவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் இப்படி ஒரு கணக்குப் போட்டதில்லை.

எதிரே பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நின்றது. சந்தைக்குப் போகிற பெண்கள், கோழிக்கூடையோடு ஒரு பெரியவர், சட்டைத் துணி வாங்கிய ஒரு குடும்பம். ஏசி காரில் சும்மா ஏறச் சொன்னால் யார் வேண்டாம் என்பார்கள்? மாமா மரியாதைக்காரர், முதலில் இறங்கி நின்று எல்லோருக்கும் இடம் விட்டார். எல்லோரும் ஏறினார்கள். கோழியும் ஏறியது. கதவைத் தள்ளிச் சாத்திய பிறகு பார்த்தால் மாமாவுக்கு இடமில்லை.

திரவியம் கண்ணாடியை இறக்கி, வெயிலில் நின்றவரிடம் பயபக்தியோடு கேட்டான்.

"மாமா, இப்பக் குளிருதா?"

வேல்மயில் மாமா கண்ணை மூடி, கையைத் தடவி, நிதானமாக யோசித்தார்.

"சுத்தமா இல்ல மாப்பிள்ளை," என்றார். "உங்களை மாதிரி ஒரு புத்திசாலிப் பையனைத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருந்தோம். நான் சம்மதம்னு சொன்னதா வீட்டுல சொல்லுங்க. எதுக்கும் கோழியை நடுவுல வச்சுக்கங்க, அதுக்குக் குளிரப் போகுது."