வயிற்றை மட்டும் பார்த்தவர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் சம்பந்தியம்மா தையல்நாயகி. மூன்று வருஷத்துக்கு முன்னால், என் மருமகளைப் பிரசவ அறைக்குள் கூட்டிப்போன அன்று, நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தோம். வேண்டி வேண்டி வாய் ஓய்ந்த நேரத்தில் இதைச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் சிங்காரவேலு, முத்துப்பேட்டைப் பக்கம் காயலில் ஒரு மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் படகு ஓட்டியவர். கண்ணால் பார்த்தவர் அவர்தான்.

இதில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. மீன்களைப் பற்றிப் படித்துப் பெரிய பட்டம் வாங்கியவர். சீடர் திருவேங்கடம், அரசுப் பள்ளியில் உயிரியல் வாத்தியார். பத்தாம் வகுப்பில் மங்கையர்க்கரசிக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். இப்போது அந்த மாணவியிடமே ஆராய்ச்சி செய்ய வந்திருந்தார். அதனால் இவர் அவரை "மேடம்" என்பார், அவர் இவரை "சார்" என்பார். கேட்கிறவர்களுக்கு யார் யாருக்குக் குரு என்று குழம்பும்.

திருவேங்கடம் சின்ன வயதில் ஒருமுறை ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, அப்பா தவறிப்போனதால் பாதியில் விட்டவர். இருபத்தைந்து வருஷம் கழித்துப் படிப்பு விடுப்பு கிடைத்திருந்தது. அதுவும் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். விட்டால் இன்னொரு விடுப்பு கிடைக்காது.

காயலில் இருக்கும் கெளுத்தி மீன் என்ன தின்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஏலக் கொட்டகையில் மீன் வாங்குவார். வயிற்றைக் கிழிப்பார். உள்ளே இருப்பதைத் தாளில் கட்டம் போட்டு எழுதுவார். ஒவ்வொரு தாளிலும் மேடம் கையெழுத்துப் போடுவார்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலையில் மேடம் முழு ஏட்டையும் படித்தார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"சார், ஆனி மாசத்துல முப்பத்தொரு மீனுக்கு வயிறு காலின்னு இருக்கே."

"ஆமா மேடம். காயல்ல இரையே இல்ல. அதான் அந்த அத்தியாயத்துக்கு 'பட்டினி கிடக்கும் காயல்'னு பேர் வெச்சேன். படிக்கிற அதிகாரிங்க மனசு கொஞ்சமாவது இளகட்டும்."

"முப்பத்தொண்ணும் ஆண் மீனா?"

திருவேங்கடம் தாளைப் பார்த்தார். "ஆண்தான்."

"அதே மாசம் பெண் மீன் வயித்துல?"

"இறால்... நண்டு... சேத்துப் புழு."

"ஒரே தண்ணி. பொண்டாட்டிக்கு மட்டும் விருந்து, புருஷனுக்குப் பட்டினியா சார்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்ட தன் மேல்தான் அவருக்குக் கோபம் என்று பார்த்தாலே தெரிந்தது என்பார் சிங்காரவேலு. பிறகு எழுந்து, "வாங்க, படகுல போயிட்டு வருவோம்" என்றார்.

அதுவரை திருவேங்கடம் காயலுக்குள் போனதே இல்லை. அலையாத்தி மரங்களுக்கு நடுவே படகு போனபோது இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க வாத்தியாரே, இடுப்பளவுதான் தண்ணி" என்றார் சிங்காரவேலு.

"அப்போ விழுந்தா நடந்தே கரைக்குப் போயிடலாமா?"

"சேறு விட்டா போகலாம்."

வலை போட்டிருந்த இடத்துக்கு வந்தார்கள். சிங்காரவேலு மெதுவாக இழுத்தார். கெளுத்தி ஒன்று சிக்கியிருந்தது. மேலே தூக்கப் போனவரை மேடம் தடுத்தார்.

"தூக்காதீங்கண்ணே. தண்ணிக்குள்ளயே இருக்கட்டும். சார், நீங்க பிடிங்க."

"முள்ளைப் பார்த்துப் பிடிங்க வாத்தியாரே. குத்துச்சுன்னா ரெண்டு நாளைக்குக் கடுக்கும்."

திருவேங்கடம் சட்டைக் கையை மடித்துவிட்டு மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்தார். அது திமிறியது. ஆனால் வாயை மட்டும் இறுக்கி மூடியிருந்தது. கன்னம் வீங்கின பிள்ளை மாதிரி தொண்டை உப்பியிருந்தது.

"வாயைக் கொஞ்சமா திறந்து பாருங்க" என்றார் மேடம்.

கட்டை விரலால் கீழ்த்தாடையை மெல்ல அழுத்தினார்.

உள்ளே கோலிக்குண்டு அளவில் மஞ்சள் முட்டைகள். ஒன்றின்மேல் ஒன்றாக, வாய் கொள்ளாமல். ஒரு முட்டைக்குள் கறுப்பாக இரண்டு புள்ளி. அந்தப் புள்ளி அசைந்தது.

"கண்ணு" என்றார் திருவேங்கடம்.

"எத்தனை நாள் இப்படி வெச்சிருக்கும்?" என்று மெல்லக் கேட்டார்.

"குஞ்சு பொரிச்சு, அது தானா நீந்துற வரைக்கும். ஒரு மாசத்துக்கு மேல அப்பன் மீன்தான் சுமக்கும்" என்றார் மேடம்.

"அதுவரைக்கும்..."

"முழுங்க முடியாதே சார்."

திருவேங்கடம் சிங்காரவேலு பக்கம் திரும்பினார். "ஏலத்துல வாங்கின ஒரு மீன் வாயிலயும் முட்டை இல்லையேய்யா."

"வலையைத் தூக்கின உடனே கக்கிடும் வாத்தியாரே. மூச்சு முட்டுமில்ல. முட்டை தனியா கூறு போட்டு விக்கப் போயிடும், மீன் தனியா ஏலத்துக்கு வந்துடும்."

"இத்தனை நாளா உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க வயித்தைப் பத்தித்தானே கேட்டீங்க."

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். திருவேங்கடமும் சிரித்தார். சிரிக்கும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

வலையைப் பிரித்து மீனை எடுக்கும்போது நாலு முட்டை வலையில் விழுந்துவிட்டது. திருவேங்கடம் அதைப் பொறுக்கி மறுபடியும் மீனின் வாயருகே கொண்டுபோனார். மீன் வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்றை வைத்துப் பார்த்தார், இரண்டாவதை வைத்துப் பார்த்தார். கடைசியில் கையைத் தளர்த்தினார். மீன் வாயைத் திறக்காமலே தண்ணீருக்கு அடியில் போயிற்று.

நாலு முட்டையும் அவர் உள்ளங்கையில் இருந்தது. மேடம் ஒரு சின்னப் பாட்டிலை நீட்டினார். அதில் போட்டு மூடினார்.

கரைக்குத் திரும்பும்போது பாதி வழியில் திருவேங்கடம் கேட்டார்.

"இந்த நாலு முட்டை போதுமா மேடம்? காரணம் இதுதான்னு ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துட்டு, திங்கட்கிழமை கொடுத்துடலாமா?"

"இது இன்னைக்குப் பார்த்த மீனுக்குச் சாட்சி. அந்த முப்பத்தொண்ணுக்கு?"

"அதுங்களும் இப்படித்தானே இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்" என்றார் மேடம்.

நிலையத்துக்கு வந்ததும் திருவேங்கடம் அந்தத் தாள்களை மேசையில் பரப்பினார். வயிறு என்ற கட்டத்தில் வரிசையாகக் காலி, காலி, காலி. பேனாவை எடுத்து அதை அடிக்கப் போனார்.

"அடிக்காதீங்க சார். காலிங்கிறது பொய்யில்லையே. பக்கத்துல இன்னொரு கட்டம் போடுங்க. 'வாய்'னு."

அளவுகோலை வைத்துக் கோடு போட்டார். மேலே வாய் என்று எழுதினார். கீழே முப்பத்தொரு கட்டமும் வெள்ளையாக நின்றது.

"இதைச் சேர்த்தா அடுத்த ஆனி வரைக்கும் காத்திருந்து மறுபடி பார்க்கணும். திங்கட்கிழமை போச்சு மேடம்."

"போச்சு சார்."

"எனக்கு இன்னொரு விடுப்பு தரமாட்டாங்க."

"தெரியும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாங்க. எத்தனை வருஷம் ஆனாலும் நான் இங்கதான் இருப்பேன்."

திருவேங்கடம் அந்த வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"இந்தக் கட்டத்துல இப்போ என்ன எழுதறது மேடம்?"

மேடம் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் பேனாவைத் திறந்தார்.

"முப்பத்தொண்ணுலயும் 'பார்க்கவில்லை'ன்னு எழுதுங்க சார். பாதியை நீங்க எழுதுங்க, பாதியை நான் எழுதுறேன்."

கேட்டுக்கொண்டிருந்த உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆனி, ஆடி மாதத்தில் சந்தையில் கெளுத்தி முட்டையைக் கூறு போட்டு வைத்திருந்தால், வேறு ஏதாவது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.