டிரைவர் பக்கத்துக் கண்ணாடி

“ஒரு லாரி செய்யக் கத்துக்கறதுக்கு எத்தனை நாள் ஆகும் அம்மிணி?” என்று கேட்டேன்.

“எந்த லாரிங்க அய்யா?”

“என் கையை நசுக்குன லாரி.”

கோகிலவாணி என் இடது கையைப் பார்த்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லாத கை. பாவம் என்று சொல்லவில்லை. ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து மேசையில் என் பக்கம் தள்ளினாள்.

“மூணு விரல் போதுமுங்க. உட்காருங்க.”

எனக்கு அறுபது வயது. அவளுக்கு முப்பத்தைந்து இருக்கும். நாமக்கல்லில் அவள் அப்பா லாரிகளுக்குப் பாடி கட்டினார். அதே லாரிகளை அவள் சன்போர்டு அட்டையில் ஓர் அடி நீளத்துக்குச் செய்தாள். லாரி முதலாளிகள் வாங்கி ஆபீஸ் மேசையில் வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அப்படிக் கற்றுக்கொள்ள வந்த எங்கள் ஐந்து பேரில் மற்ற நாலு பேருக்கு அது பொழுதுபோக்கு.

எனக்குக் கொடுத்த முக்காலி ஆடியது. மற்றவர்களுடையது ஆடவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் அவள் சொன்னது இவ்வளவுதான்.

“நிசத்துல ஒரு அடின்னா, நம்மகிட்ட அரை இஞ்சு. எல்லாத்துக்கும் அதே கணக்கு. ஞாபகத்துல இருந்து எதையும் வெட்டாதீங்க. அளந்து வெட்டுங்க.”

“எனக்கு எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்குது அம்மிணி.”

அவள் மறுபடியும் ஸ்கேலைத் தள்ளினாள்.

*

மூன்றாவது வாரம் கேட்டாள்.

“செஞ்சு முடிச்சு எங்க வைக்கப் போறீங்க?”

“கல்யாண மண்டபத்துல.”

“சீர் வரிசையிலயா?”

“எல்லாரும் பார்க்கற மாதிரி, நடுவுல.”

அப்புறம் சொன்னேன். என் தங்கை பாவாயியின் வீட்டுக்காரன் செங்கோடன். அவன் முதல் டிரைவர், நான் இரண்டாவது டிரைவர். ஒரே வண்டியில் ஏழு வருடம் ஓடினோம். சோலாப்பூர்ப் பக்கம் ஒரு குடோனில் வண்டியைப் பின்னால் எடுத்தான். நான் பின்னால் நின்று வரலாம் வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போதும் என்று கத்தினேன். அவன் நிறுத்தவில்லை. வண்டிக்கும் குடோன் மேடைக்கும் நடுவில் கை போனது.

“தெரியாம நடந்திருக்குமுங்க.”

“கண்ணாடியில அவன் கண்ணைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பார்த்துட்டேதான் வந்தான்.”

“எதுக்கு?”

“அதுக்கு முதல் நாள் ஓட்டல்ல நாலு பேரு முன்னால, நீ மாட்டு வண்டி ஓட்டத்தான் லாயக்குன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல.”

இருபத்தொரு வருடம் நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆவணியில் தங்கை மகள் தாரணிக்குக் கல்யாணம். அவளுக்குத் தாய்மாமன் என்று இருப்பவன் நான் ஒருவன்தான். பத்திரிகை வைக்க வந்த பாவாயி, வாசலிலேயே அழுதுவிட்டுப் போனாள்.

போகத்தான் போகிறேன் என்று முடிவு செய்தேன். லாரி, குடோன், நான் நின்ற இடம், அவன் உட்கார்ந்த இடம், எல்லாவற்றையும் அளவாகச் செய்து சொந்தக்காரர்கள் முன்னால் வைப்பேன். அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை என்னை நம்பியதில்லை. அதுவும் மனதில் இருக்கிறது.

கோகிலவாணி எல்லாவற்றையும் கேட்டாள்.

“சரிங்க,” என்றாள். “அளவு சரியா இருக்கட்டும்.”

*

ஆடி மாதம் வண்டி முடிந்தது.

மூக்கு நீண்ட பழைய வண்டி. தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினேன். கயிற்றுக்குச் சாக்குத் தைக்கிற நூல். பின் பலகையில் எங்கள் குலசாமி பேரைக் குண்டூசியால் எழுதினேன். அட்டையில் குடோன் மேடை. நான் ஐந்தரை அடி, அதனால் என் பொம்மை இரண்டே முக்கால் இஞ்சு. அதை மேடைக்குப் பக்கத்தில், வண்டியின் பின் மூலையில் ஒட்டினேன். செங்கோடன் பொம்மையைக் கேபினில் உட்கார வைத்தேன். தலையில் பச்சைத் துண்டில் உருமால்.

“உருமாலுக்கு ரெண்டு கோட்டு பெயிண்டு அடிச்சிருக்கீங்க.”

“உருமால் கட்டாம அவன் சாவியைத் தொடமாட்டான். ஏழு வருசத்துல ஒரு நாள் தொட்டதில்லை.”

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். நான் காத்திருந்தேன். நல்லா இருக்குது என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

“டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை அளங்க.”

அளந்தேன். ஒரு இஞ்சு.

“அப்படின்னா நிசத்துல?”

“ரெண்டடி.”

“சலூன் கடையில இருந்து கழட்டி மாட்டுனீங்களா அய்யா?”

மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். யார் யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

“எல்லாத்தையும் அளந்து வெட்டுன நீங்க,” என்றாள், “இதை மட்டும் எதைப் பார்த்து வெட்டுனீங்க?”

நான் அந்தக் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்தேன்.

*

அடுத்த வாரம் காயலான் கடைக்குப் போனேன். அதே மாதிரிப் பழைய வண்டிகளின் கண்ணாடிகள் மூன்று கிடைத்தன. மூன்றும் மூன்று அளவு. பெரியதே ஓர் அடிதான். எங்கள் வண்டியில் எது இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த வண்டியை உடைத்துப் போட்டுப் பல வருடம் ஆகிறது.

“பெரிசையே வைங்க,” என்றாள் கோகிலவாணி.

கண்ணாடித் தகட்டில் அரை இஞ்சுக்கு ஒரு துண்டு வெட்டி மாட்டினேன். அவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். செங்கோடன் பொம்மையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். அவன் கண் இருந்த இடத்தில் ஒரு சின்னச் சீரியல் பல்பை வைத்து எரியவிட்டாள்.

“கண்ணாடியில அவரு கண்ணு எங்கெல்லாம் போகுமோ, இந்த வெளிச்சமும் அங்கெல்லாம் போகும். கண்ணாடியை எப்படி வேணுமோ திருப்பிக்குங்க.”

திருப்பினேன். வெளிச்சம் தார்ப்பாய் ஓரமாக ஓடியது. மேடையில் விழுந்தது. என் பொம்மைமேல் விழவில்லை.

மேலே திருப்பினேன். கீழே திருப்பினேன். வியர்த்துவிட்டது. நான் இருட்டிலேயே நின்றேன்.

பழைய கண்ணாடியை எடுத்து மாட்டினேன். சலூன் கண்ணாடியை. வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுந்தது.

“இதோ!” என்றேன்.

அவள் ஸ்கேலை என் பக்கம் தள்ளினாள். நானே அதைக் கழற்றினேன்.

“ஒருவேளை நான் கொஞ்சம் தள்ளி நின்னிருப்பேன்,” என்று சொல்லி, என் பொம்மையைப் பெயர்த்து வெளிப்பக்கம் நகர்த்தினேன். அரை இஞ்சு நகர்ந்ததும் சின்னக் கண்ணாடியின் வெளிச்சமே தோளில் பட்டது.

“பார்த்தியா? பட்டுதா இல்லையா?”

“பட்டுதுங்க. நிசத்துல ஒரு அடி நகர்த்திட்டீங்க. அங்க நின்னிருந்தா?”

அங்கே நின்றிருந்தால் பக்கத்தில் மேடை இல்லை. வண்டி என்னைத் தாண்டிப் போயிருக்கும். எனக்குப் பத்து விரலும் இருந்திருக்கும்.

பொம்மையைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

*

“எல்லாம் சரி,” என்றேன். “நான் அவன் கண்ணைப் பார்த்தேன். அதுக்கு என்ன சொல்ற?”

“கண்ணு மட்டும்தானுங்களா?”

“முகமே தெரிஞ்சுது. ரெண்டு கண்ணும் பிதுங்கி நிக்குது. நெத்தியில வேர்வை ஒழுகுது. முடி கலைஞ்சு முன்னால விழுந்து கிடக்குது. நேத்துப் பார்த்த மாதிரி இருக்குது அம்மிணி.”

“முடி தெரிஞ்சுதுங்களா?”

“தெரிஞ்சுது.”

கோகிலவாணி மேசையில் கிடந்த செங்கோடன் பொம்மையை எடுத்தாள். என் முன்னால் நீட்டினாள். என் கையால் இரண்டு கோட்டுப் பச்சை அடித்த தலை.

“துண்டு எங்க போச்சுங்க அய்யா?”

பொம்மையைக் கையில் வாங்கினேன்.

துண்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அது என் கையைச் சுற்றி இருந்தது. குடோனிலிருந்து ஆஸ்பத்திரி வரை இருந்தது. போய்ச் சேரும்போது அது பச்சையாக இல்லை.

கீழே கிடந்த என்மேல் ஒருவன் குனிந்து, தலையிலிருந்து துண்டை உருவிக் கட்டிக்கொண்டிருந்தான். கண் பிதுங்கி, வேர்த்து, முடி கலைந்து.

அந்த முகத்தைத்தான் நான் கண்ணாடிக்குள் வைத்திருந்தேன்.

முக்காலியில் உட்கார்ந்தேன். அது ஆடியது. ஆடட்டும் என்று இருந்தேன். அப்படியே கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நனைந்தது. நெஞ்சில் ஏற்றியிருந்த லோடை யாரோ கயிறு அவிழ்த்து இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

என்னைக் கொல்ல வந்தவன் யாருமில்லை.

கோகிலவாணி ஷட்டரை மேலே தள்ளினாள். வெயில் உள்ளே வந்தது.

“டீ சொல்லட்டுங்களா?”

“ரெண்டாச் சொல்லு. ரெண்டும் எனக்கு.”

*

டீ குடித்து முடித்தேன்.

“பேசணும் அம்மிணி. இத்தனை வருசத்துக்கு அப்புறம் என்னத்தைப் பேசறதுன்னுதான் தெரியல.”

“வண்டிக்கு இன்னும் கண்ணாடி மாட்டலீங்களே,” என்றாள். “அளவு கேளுங்க.”

என் போனை எடுத்து மேசையில் என் பக்கம் தள்ளினாள்.

பாவாயிதான் எடுத்தாள்.

“அண்ணா? வரமாட்டேன்னு சொல்றதுக்குத்தான் கூப்பிட்டியா?”

“வர்றேன். முதல் நாளே வர்றேன். மாப்பிள்ளைகிட்டக் குடு.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. யாரோ ஓடினார்கள். அப்புறம் செங்கோடனின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“மாப்பிள்ளை,” என்றேன். “கண்ணாடி என்ன அளவு?”

“எட்டு இஞ்சுக்கு அஞ்சு இஞ்சுங்க மச்சான்.”

எந்தக் கண்ணாடி என்று அவர் கேட்கவில்லை.