தாமோதரன் பக்கத்துக் கரை

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் தாமோதரன். பக்கத்து வீட்டுக்காரன்.

அவன் வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண் விடாமல் சிமெண்ட் போட்டான். சரிவை என் வாசல் பக்கம் விட்டான். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயையும் இந்தப் பக்கமே திருப்பினான்.

போன ஐப்பசியில் தண்ணீர் என் வீட்டுக்குள் வந்தது. என் மனைவி தெய்வானைக்கு இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கை. தண்ணீர் கட்டில் சட்டம் வரை ஏறியது. அவள் கத்தவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே வாசலுக்கு ஓடிவந்து நிற்பேன்.

எஸ்தரிடம் போனேன். சந்து சந்தாகப் போய்ப் பள்ளம் வெட்டிச் செடி வைப்பவள். என் மகள் வயதுதான். ஆனாலும் அவள் பேச்சைக் கேட்காத தெரு வெள்ளத்தில் மூழ்கியது.

"அவன் தண்ணிய அவன் வீட்டுக்கே திருப்பி விடணும். வழி சொல்லும்மா."

"தண்ணி மேட்டுக்கு ஏறாது, பெரியவரே. வாசல்ல முழங்கால் ஆழம் பள்ளம் வெட்டுங்க. அடியில ஜல்லி, மேல மணல் கலந்த மண்ணு. வெட்டிவேரும் கல்வாழையும் வைங்க. வர்ற தண்ணி அதுல நின்னு பூமிக்குள்ள இறங்கிடும்."

"வாசல்ல போய் யாராவது குழி வெட்டுவாங்களா?"

"அப்ப உங்க வீட்டம்மா கட்டில மாடியில போடுங்க."

"மாடி இல்ல."

"அப்ப வெட்டுங்க."

ஒன்பது நாள் வெட்டினேன். செடி வைத்தேன்.

முதல் மழை அரை மணி நேரம்தான். பள்ளத்தில் ஒரு கை தண்ணீர்கூட இல்லை. வெள்ளம் அதைச் சுற்றிக்கொண்டு நேராக என் நிலைப்படிக்கு வந்தது.

"வந்துடுச்சா?" உள்ளேயிருந்து தெய்வானை கேட்டாள்.

"இல்ல."

"பொய் சொல்றீங்க. குரல் நடுங்குது."

தண்ணீர் படிக்கு ஒரு விரல் கீழே நின்றது.

மறுநாள் எஸ்தரைக் கூட்டி வந்தேன். "உன் பள்ளம் ஏமாத்திடுச்சு."

அவள் செடியைப் பார்க்கவில்லை. பள்ளத்தின் விளிம்பில், தாமோதரன் வீட்டுப் பக்கம் நான் செங்கல் வைத்துப் பூசியிருந்த கரையைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"அவன் தண்ணி என் செடிக்கு வரக் கூடாது."

"அப்ப யார் தண்ணிக்கு வெட்டுனீங்க?"

எஸ்தர் கடப்பாரையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ஒடச்சா நேரா எங்க வீட்டுக்குத்தான் வரும், எஸ்தர்."

"நேத்து எங்க போச்சு?"

வானம் உறுமியது. கரையை இடித்தேன்.

மாடியிலிருந்து தாமோதரன் சிரித்தான். "என்ன ஏகாம்பரம், நீயே வழி விடுற?"

கரை விழுந்த சற்று நேரத்தில் மழை பிடித்தது. அவன் சிமெண்ட் முற்றத்துத் தண்ணீர் மொத்தமும் ஒரே பாய்ச்சலாகப் பள்ளத்துக்குள் இறங்கியது. கல்வாழைத் தண்டு மறைந்தது. இலை மறைந்தது. பள்ளம் விளிம்பு தொட்டது. நான் நிலைப்படியில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்தேன். ஈரம் படுகிறதா என்று அதையே பார்த்தேன்.

"வந்துடுச்சா?"

உள்ளங்கையை எடுக்காமல் பள்ளத்தைப் பார்த்தேன்.

விளிம்பில் நின்ற தண்ணீர் ஏறவில்லை. மண்ணுக்குள்ளிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. ஒரு இலை நுனி வெளியே தெரிந்தது.

"பள்ளத்துலயே நிக்குது," என்றேன்.

எஸ்தர் நனைந்தபடி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு திரும்பியதும் கோபமும் திரும்பியது.

"என் பொண்டாட்டி சாகக் கிடந்தா. அவன் இன்னைக்கு வரைக்கும் 'தப்புதாம்பா'னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்ல வேணாமா?"

"சொல்லணும்."

"எப்ப சொல்லுவான்?"

அவள் மேற்கே பார்த்தாள். அங்கே இன்னும் கறுப்பாக இருந்தது.

"தெரியாது. கரைய இடிச்ச வழியில குப்பை அடைச்சிருக்கு, அள்ளுங்க."