அரசர் முகம் பதித்த அடுப்பு

முன்னொரு காலத்தில், மலையடி நாடு ஒன்றில், தம் முகத்தை எங்கே பார்த்தாலும் மகிழும் அரசர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரே ஒரு கவலை. மலையில் மரங்கள் குறைந்துகொண்டே வந்தன.

அந்த ஊர்க் குயத்தி உமையாள், பாதி விறகில் சோறு வேகும் அடுப்பு ஒன்றைச் செய்தாள். அரண்மனை விகடன் சாத்தப்பன் அவளைச் சபைக்கு அழைத்து வந்தான்.

"வீட்டுக்கு ஒன்று போகட்டும்," என்றார் அரசர். கூடவே தங்கத்தில் ஓர் அச்சுச் செய்து கொடுத்து, ஒவ்வோர் அடுப்பின் நெற்றியிலும் தம் முகத்தைப் பதிக்கச் சொன்னார்.

ஓராண்டு கழிந்தது. அமைச்சர் அநந்தபாலர் ஓலையை விரித்தார்.

"அரசே, நாட்டில் வீடுகள் எண்ணாயிரம். விற்ற அடுப்புகளும் எண்ணாயிரம். அடுப்பில்லாத வீடே இல்லை."

"பிறகு ஏன் விறகு வண்டிகள் குறையவில்லை? தினமும் மாடத்திலிருந்து பார்க்கிறேனே!"

அமைச்சருக்குச் சாத்தப்பனைக் கண்டால் ஆகாது. "அடுப்பு ஏமாற்று வேலை, அரசே. அவளை அழைத்து வந்தவனும் அப்படித்தான்," என்றார்.

அரசர் சாத்தப்பனைப் பார்த்தார். "மிச்சமான விறகை நாளை என் கண்முன் கொண்டு வா. இல்லையேல் உமையாளின் சூளை இடிபடும். அவளும் நீயும் நாட்டைவிட்டுப் போக வேண்டும்."

எரியாத விறகை எங்கே போய்த் தேடுவது? சாத்தப்பன் அன்று முழுவதும் வீடுவீடாக நடந்தான்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்றில் இருபத்தாறு கட்டு விறகு.

"நாட்டின் மிச்சம் இவ்வளவுதானா?"

"இது உமையாள் வீட்டு மிச்சம் மட்டும், அரசே. வழக்கம்போல் வாரம் ஒரு கட்டு வாங்கினாள். பாதிதான் எரிந்தது."

"மற்ற வீடுகளின் மிச்சம்?"

சாத்தப்பன் காலி வண்டியைக் காட்டினான். "இதோ, சிந்தாமல் சிதறாமல் கொண்டு வந்திருக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் இரண்டு அடுப்புகளை அரசர் முன் வைத்தான். "தாங்கள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும்."

முதல் அடுப்பு உமையாளுடையது. அச்சு வருவதற்கு முன்பே செய்தது. அரசர் விரலில் கரி ஒட்டியது. இரண்டாவதன் நெற்றியில் அவருடைய முகம், அதன்மேல் சந்தனம், குங்குமம். உள்ளே விட்ட விரலில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"இது யார் வீட்டு அடுப்பு?"

"அமைச்சர் வீட்டுடையது. அவர் வீட்டுச் சமையல்காரி மருதாயி இதோ நிற்கிறாள்."

மருதாயி கைகூப்பினாள். "மவராசா, உங்க முகத்துக்கு நானே கொள்ளி வைக்கிறதா? நீங்க நூறு வருசம் இருக்கணும் சாமி! பூசை மாடத்துல வச்சுட்டு, பழைய அடுப்புலதான் பொங்குறேன். எங்க தெருவுல எல்லாருமே அப்படித்தான்."

அரசர் சந்தனத்துக்கு அடியில் தெரிந்த தம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமைச்சரே, நீர் எதை எண்ணினீர்?"

"விற்றதை, அரசே."

"எரிந்ததை எண்ணவில்லை. நானும் கேட்கவில்லை." அரசர் எழுந்தார். "உமையாளின் சூளை தொடர்ந்து எரியட்டும். எல்லா அடுப்பிலும் என் முகத்தைச் சுரண்டிவிடச் சொல்லும். அடுத்த ஆண்டு ஓலை வேண்டாம். நீரே வீடுவீடாகப் போய், அடுப்புக்குள் விரலை விட்டுப் பார்த்து வாரும்."

பிறகு தங்க அச்சைச் சாத்தப்பனிடம் நீட்டினார். "இது உனக்கு. உருக்கி ஏதாவது செய்துகொள்."

சாத்தப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஆனால் நகரவில்லை.

"என்ன?"

"அரசே, எண்ணாயிரம் வீட்டார் செய்யப் பயந்ததை என்னைச் செய்யச் சொல்கிறீர்களே!"

அரசர் முதலில் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முற்றத்திலேயே உமையாளின் அடுப்பை மூட்டச் சொல்லி, முதல் கொள்ளியைத் தம் கையாலேயே வைத்தார்.